மேக்னான் பட்டையின் செர்ன் எண்ணை நீங்களே கணக்கிடுவது எப்படி

நியூட்ரான் சிதறல் படத்தில் இரண்டு மேக்னான் (காந்தத்தில் ஓடும் ஸ்பின் அலை) பட்டைகள் தொட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் தொடாமல் விலகி நிற்கின்றன, நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது. உடனே "இது டோபாலஜி மேக்னான்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. இடைவெளி திறக்கப் பல காரணங்கள் இருக்கலாம், அவற்றில் சில மட்டுமே பட்டைக்கு டோபாலஜியை, அதாவது பட்டைகள் தொடாதவரை அவிழாத ஒரு முறுக்கை, தரும், மற்றவை வெறும் இடைவெளிதான். எது எது என்று பிரித்துக் காட்டுவது செர்ன் எண் என்கிற ஒரு முழு எண். அதைக் கணக்கிட பெரிய கணினி எதுவும் வேண்டாம். இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று, பைத்தானில் நாற்பது ஐம்பது வரி, ஒரு மாலை நேரம், இவ்வளவு போதும். கல்லூரி அளவுக்குக் குவாண்டம் இயற்பியலும் ஐகன் மதிப்பு என்றால் என்ன என்பதும் தெரிந்திருந்தால் கூடவே செய்துகொண்டு வாருங்கள், படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.

முதலில் எதைக் கணக்கிடுகிறோம் என்பது. ஃபெரோ காந்தத்தில் எல்லா ஸ்பின்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. ஓர் இடத்தில் ஒரு ஸ்பின்னைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தச் சாய்வு அங்கேயே நிற்காமல் பக்கத்து ஸ்பின், அதற்குப் பக்கத்து ஸ்பின் என்று அலையாக ஓடும். 1930-இல் பிளாக் இதைக் குவாண்டம் கணக்கில் கொண்டுவந்தார், அந்த அலையின் ஒரு துணுக்குதான் மேக்னான். படிகத்தின் ஓர் அலகுக் கட்டத்தில் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டு) இரண்டு காந்த அணுக்கள் இருந்தால் இரண்டு மேக்னான் பட்டைகள் வரும், மூன்று இருந்தால் மூன்று. பட்டை என்றால் ஆற்றலை மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு உந்தத்திலும் அந்த அலை எந்தெந்த அணுக்களில் எவ்வளவு ஆடுகிறது, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) இருக்கிறது என்பதைச் சொல்லும் ஐகன் வெக்டரும் சேர்ந்ததுதான் பட்டை. டோபாலஜி முழுக்க அந்த வெக்டரில்தான் ஒளிந்திருக்கிறது, ஆற்றல் கோட்டில் இல்லை. அதனால்தான் ஆற்றல் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்கிறேன்.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

தேன்கூட்டுப் பின்னலில் தொடங்குங்கள். அறுகோணங்கள் ஒட்டி ஒட்டி அமைந்த தளம், அதில் இரண்டு வகை இடங்கள். அவற்றை அ தளம், ஆ தளம் என்று வைத்துக்கொள்வோம். குரோமியம் ட்ரை அயோடைடில் குரோமியம் அணுக்கள் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆகவே இது வெறும் பயிற்சிக் கணக்கு அல்ல.

மாதிரியில் இரண்டு இடைவினைகளைப் போடுகிறோம். ஒன்று, அடுத்தடுத்த ஸ்பின்களை ஒரே திசைக்கு இழுக்கும் பரிமாற்ற இடைவினை, இதன் அளவு ஜே. இது மட்டும் இருந்தால் பட்டைகள் இரண்டும் அறுகோண உந்தவெளியின் முனைகளில் தொட்டுக்கொள்ளும். கிராஃபீனில் எலக்ட்ரான்களுக்கு நடப்பது போலவேதான், அந்த இடங்களுக்கு டிராக் புள்ளி என்று பெயர். இரண்டாவது, டிஸியாலோஷின்ஸ்கி 1958-இலும் மோரியா 1960-இலும் விளக்கிய டி.எம். இடைவினை. இது ஸ்பின்கள் இணையாக நிற்பதை விரும்பாமல் ஒன்றுக்கொன்று சற்றுத் திரும்பி நிற்பதை விரும்பும், இதன் அளவு டி.

இந்த டி எந்தப் பிணைப்பில் வரலாம், எதில் வரக்கூடாது என்பதை நம் விருப்பத்துக்குப் போட முடியாது. ஒரு பிணைப்பின் நடுப்புள்ளியைச் சுற்றி படிகத்தைத் தலைகீழாக்கினாலும் அது மாறாமல் இருந்தால் அந்தப் பிணைப்பில் டி.எம். இடைவினை பூஜ்யம், இது மோரியாவின் விதிகளில் முதலாவது. தேன்கூட்டில் அ–ஆ பிணைப்பின் நடுவில் அந்தச் சமச்சீர் இருக்கிறது, அதனால் அங்கே டி கிடையாது; அ–அ, ஆ–ஆ என்ற இரண்டாம் அண்டைப் பிணைப்புகளின் நடுவில் அந்தச் சமச்சீர் இல்லை, அங்கே வரலாம். அறுகோணத்துக்குள் அ அணுக்கள் மூன்றை இணைக்கும் முக்கோணத்தில் கடிகாரத் திசையில் சுற்றினால் கூட்டல் குறி என்றால், ஆ அணுக்களின் முக்கோணத்தில் அதே திசையில் சுற்றும்போதும் கூட்டல் குறிதான்; ஆனால் ஒரே நகர்வு அ தளத்தில் கடிகாரத் திசையில் விழுந்தால் ஆ தளத்தில் எதிர்த் திசையில் விழும், அதனால் அணியில் இரண்டுக்கும் எதிர் எதிர்க் குறி வரும். ஹால்டேன் 1988-இல் எலக்ட்ரான்களுக்குப் போட்ட மாதிரியின் அதே அமைப்பு இது. 2016-இல் ஒவெர் அதைத் தேன்கூட்டு மேக்னானுக்கு எழுதினார், அதே ஆண்டில் டிசெர்கோவ்னியாக் குழுவினரும் எழுதினார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் தவறவிடும் இடம் இது. டி.எம். வெக்டரில் ஸ்பின்கள் பார்க்கும் திசைக்கு இணையான பாகம் மட்டுமே நம் கணக்கில் நுழையும். ஸ்பின்கள் தளத்துக்குச் செங்குத்தாக நின்றால் செங்குத்துப் பாகம் வேலை செய்யும், ஸ்பின்கள் தளத்துக்குள் படுத்திருந்தால் அதே பாகம் இந்த மட்டத்தில் எதுவும் செய்யாது. ஆகவே ஒரு பொருளை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான்.

அணியை எழுதுவது

ஸ்பின்னைப் போசானாக மாற்ற ஹோல்ஸ்டைன்–பிரிமகாஃப் மாற்றம் 1940-இலிருந்து இருக்கிறது. முழு ஸ்பின்னிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் போசான்களின் எண்ணிக்கையாக எழுதி, இரண்டு போசான் உறுப்புகளோடு நிறுத்திக்கொள்வது, அவ்வளவுதான். ஃபெரோ காந்தத்துக்கு இதைச் செய்தால் போசான் எண்ணிக்கை மாறாத எளிய ஹெர்மிஷியன் அணி கிடைக்கும்.

உந்தத்தை இரண்டு கோணங்களாக எழுதுங்கள், தீட்டா1, தீட்டா2. இரண்டும் 0-விலிருந்து 360 பாகை வரை ஓடும், படிகத்தின் இரு அடிப்படை நகர்வுகளுக்கு அலை பெறும் கட்டங்கள் அவை. கட்டம்(கோணம்) என்று நான் எழுதினால் கொசைன் கோணம் கூட்டல் கற்பனை அலகு பெருக்கல் சைன் கோணம் என்ற கலப்பெண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம்:

காமா = 1 + கட்டம்(−தீட்டா1) + கட்டம்(−தீட்டா2)

டெல்டா = 2 × டி × எஸ் × [சைன்(தீட்டா1) − சைன்(தீட்டா2) + சைன்(தீட்டா2 − தீட்டா1)]

இதில் எஸ் என்பது ஸ்பின்னின் அளவு. அணியின் மூலைவிட்டத்தில் அ தளத்துக்கு 3 × ஜே × எஸ் + டெல்டா, ஆ தளத்துக்கு 3 × ஜே × எஸ் − டெல்டா. மற்ற இரண்டு இடங்களில் மேலே −ஜே × எஸ் × காமா, கீழே அதன் இணைக் கலப்பெண். முடிந்தது, முழு மாதிரியும் இதுதான்.

உடனே செர்ன் எண்ணுக்கு ஓடாதீர்கள். ஜே = 1, எஸ் = 1, டி = 0.1 என்று வைத்து மூன்று இடங்களில் ஆற்றலைச் சரிபாருங்கள். இரண்டு கோணங்களும் 0 என்றால் ஆற்றல் 0, 6 என்று வர வேண்டும். கீழ்ப்பட்டை பூஜ்யத்தைத் தொடுவது கட்டாயம், எல்லா ஸ்பின்களையும் சேர்த்துத் திருப்புவதற்கு இந்த மாதிரியில் ஆற்றல் செலவு இல்லை. தீட்டா1 = 180, தீட்டா2 = 0 என்றால் 2, 4. தீட்டா1 = 120, தீட்டா2 = 240 என்பது டிராக் புள்ளி, அங்கே காமா பூஜ்யமாகிவிடும், டெல்டா மட்டும் மிஞ்சும், ஆற்றல் சுமார் 2.48, 3.52. அதாவது இடைவெளி 6√3 × டி × எஸ், நம் எண்ணில் 1.04. இந்த மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் குறியில் எங்கோ பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் மேலே போனால் பின்னால் கிடைக்கும் முழு எண்ணும் அழகாக வந்து தவறாக இருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது: ஆ தளத்தின் டெல்டாவுக்கும் கூட்டல் குறியே போட்டுவிட்டு, இடைவெளி ஏன் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செர்ன் எண்ணை எடுப்பது

பாடநூல்களில் பெர்ரி வளைவை (உந்தம் மாறும்போது ஐகன் வெக்டர் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதன் அளவு) வகைக்கெழுக்களாக எழுதி, அதை உந்தவெளி முழுக்கத் தொகையிடு என்பார்கள். கணினியில் அப்படிச் செய்யாதீர்கள். ஐகன் வெக்டருக்குக் கட்டம் நிலையானதல்ல, கணினி ஒவ்வொரு புள்ளியிலும் தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தோடு வெக்டரைத் தரும், அதை வகையிட்டால் குப்பைதான் வரும். ஃபுக்குய், ஹட்சுகாய், சுசுகி மூவரும் 2005-இல் தந்த முறை இந்தச் சிக்கலை வேரோடு எடுத்துவிடுகிறது, நான் வேறெதையும் பயன்படுத்துவதில்லை.

தீட்டா1, தீட்டா2 தளத்தை 30க்கு 30 என்று சிறு சதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அணியின் கீழ்ப்பட்டை ஐகன் வெக்டரை எடுத்துச் சேமியுங்கள் (நம்பை நூலகத்தில் ஹெர்மிஷியன் அணிக்கென்று தனிச் சார்பு இருக்கிறது, பொது அணிக்கான சார்பைப் பயன்படுத்தினால் பட்டைகளின் வரிசை குழம்பும்). ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் சுற்றி வாருங்கள்: முதல் மூலை வெக்டருக்கும் இரண்டாவதுக்கும் உள் பெருக்கம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும், நான்காவதுக்கும் முதலாவதுக்கும். நான்கு கலப்பெண்களையும் பெருக்கி, வரும் கலப்பெண்ணின் கோணத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வெக்டரும் ஒரு முறை நேராகவும் ஒரு முறை இணையாகவும் வருவதால் கணினி ஒட்டிய கட்டங்கள் எல்லாம் தாமாகவே அடிபட்டுப் போகும். எல்லாச் சதுரங்களின் கோணங்களையும் கூட்டி 360 பாகையால் வகுத்தால் செர்ன் எண்.

ஓரத்துச் சதுரங்களில் புள்ளிகளை 0-விலிருந்து எண்ணினால் 29-ஆவது புள்ளிக்கு அடுத்தது மறுபடி 0-ஆவது புள்ளி. இது சரியாக வேலை செய்வதற்குக் காரணம் நாம் காமாவை எழுதிய விதம், அதில் கோணம் 360 பாகை கூடினால் அணி அப்படியே திரும்ப வரும். அணுக்களின் உண்மையான இடங்களை வைத்துக் கட்டம் எழுதும் இன்னொரு வழக்கமும் உண்டு, அதில் அணி அப்படித் திரும்ப வராது, ஓரத்தில் ஒரு கூடுதல் கட்டத்தைச் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டிலும் செர்ன் எண் ஒன்றேதான். ஆனால் இடத்துக்கு இடம் பெர்ரி வளைவு வேறுபடும், பின்னால் வெப்பக் கடத்தலைக் கணக்கிடும்போது உண்மையான இடங்களை வைத்த வழக்கம்தான் வேண்டும்.

டி = 0.1 என்று ஓட்டினால் கீழ்ப்பட்டைக்கு 1 அல்லது −1 வரும். எது என்பது நீங்கள் சுற்றிய திசையையும் வைத்த குறியையும் பொறுத்தது. மேல்பட்டைக்கு அதன் எதிர். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வந்தே ஆக வேண்டும். டி-யின் குறியை மாற்றுங்கள், விடையின் குறியும் மாற வேண்டும். புள்ளிகளை 60க்கு 60 ஆக்குங்கள், விடை அசையக்கூடாது. டி = 0 வைத்து ஓட்டி வரும் எண்ணை நம்பாதீர்கள், அங்கே பட்டைகள் தொட்டுக்கொள்கின்றன, செர்ன் எண் என்பதற்கே பொருள் இல்லை, இருந்தாலும் நிரல் ஏதோ ஒரு முழு எண்ணைத் தயங்காமல் தரும்.

இடைவெளி பெரிது, டோபாலஜி இல்லை

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் காட்ட நினைத்தது, இதை மட்டும் தவறாமல் செய்து பாருங்கள். அ தளத்து அணுக்களுக்கு மட்டும் எளிய அச்சுத் திசைப் பிடிப்பு (ஸ்பின்னை ஓர் அச்சிலேயே நிறுத்தப் பார்ப்பது) கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள், அதாவது அணியின் மூலைவிட்டத்தில் அ இடத்தில் மட்டும் 2 × எம் என்று ஒரு தொகையைச் சேருங்கள். டி 0.1-ஆகவே இருக்கட்டும்.

எம் = 0.3 என்றால் மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.44, செர்ன் எண் முன்பு வந்ததேதான். எம்-ஐ மெல்ல உயர்த்துங்கள். 0.52-க்கு அருகில், துல்லியமாகச் சொன்னால் 3√3 × டி × எஸ் என்ற அளவில், இரண்டு வகை டிராக் புள்ளிகளில் ஒன்றில் மட்டும் பட்டைகள் தொட்டுக்கொள்ளும். அதைத் தாண்டினால் மறுபடி திறக்கும். எம் = 0.8 என்றால் இடைவெளி சுமார் 0.56, முன்பைவிடப் பெரிது! ஆனால் செர்ன் எண் 0. டி.எம். இடைவினை அங்கேயேதான் இருக்கிறது, அளவும் குறையவில்லை, பட்டைகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி இருக்கிறது, இருந்தும் டோபாலஜி போய்விட்டது. ஆற்றல் படத்தை இரண்டு தாள்களில் அச்சிட்டு யாரிடமாவது காட்டி எது டோபாலஜி உள்ளது என்று கேளுங்கள், பெரிய இடைவெளி உள்ளதைக் காட்டுவார்கள்.

ஏன் என்று பார்க்க, சதுரத்துக்குச் சதுரம் கிடைத்த கோணத்தை வண்ணப் படமாகப் போடுங்கள். எம் = 0 என்றால் இரண்டு டிராக் புள்ளிகளிலும் ஒரே குறியில் குவிந்திருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி, பாதியும் பாதியும் ஒன்று. எம் = 0.8 என்றால் ஒன்றில் கூட்டலாகவும் மற்றதில் கழித்தலாகவும் குவியும், பாதியில் பாதி போய் பூஜ்யம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. எம்-ஐ அ தளத்துக்கு + என்றும் ஆ தளத்துக்கு − என்றும் பிரித்துப் போட்டுவிடாதீர்கள், எலக்ட்ரான் மாதிரியில் அப்படிப் போடுவார்கள், அங்கே அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. இங்கே 0.8 போட்டால் கோணம் 0-வில் ஆற்றல் எதிர்மறையாகிவிடும். மேக்னானுக்கு எதிர்மறை ஆற்றல் என்றால் நீங்கள் தொடங்கிய ஸ்பின் வரிசையே உண்மையான தாழ்நிலை இல்லை என்று பொருள், அதற்கு மேல் வரும் எந்த எண்ணும் செல்லாது.

ஓரத்தில் ஓடும் அலை

செர்ன் எண் பூஜ்யமில்லை என்றால் படிகத்தின் ஓரத்தில் ஒரே திசையில் மட்டும் ஓடும் மேக்னான் இருக்க வேண்டும். பார்ப்பது எளிது. தீட்டா1-ஐ அப்படியே வைத்துக்கொண்டு தீட்டா2 திசையை மட்டும் 40 வரிசைகளோடு வெட்டி, 80க்கு 80 அணியாக எழுதுங்கள். காமாவில் 1, தீட்டா1 உறுப்புகள் ஒரே வரிசைக்குள் இருக்கும், தீட்டா2 உறுப்பு ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு இணைக்கும். டெல்டாவில் முதல் சைன் வரிசைக்குள், மற்ற இரண்டும் வரிசைகளுக்கு நடுவே. தீட்டா1-க்கு எதிராக ஆற்றலை வரைந்தால் இரண்டு பட்டைக் கூட்டங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் குறுக்கே கடக்கும், ஒன்று மேல் ஓரத்தில் ஒரு பக்கமாக, மற்றது கீழ் ஓரத்தில் எதிர்ப் பக்கமாக. ஐகன் வெக்டரின் எடை எந்த ஓரத்தில் இருக்கிறது என்று வண்ணம் கொடுத்தால் தெளிவாகத் தெரியும்.

எலக்ட்ரான் நிரலை அப்படியே எடுத்து வந்தவர்கள் இங்கே ஒன்றை மறந்துவிடுவார்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் 3 × ஜே × எஸ் என்பது மூன்று அண்டை அணுக்கள் இருப்பதால் வந்தது. ஓரத்து அணுவுக்கு இரண்டு அண்டைதான், ஆகவே அங்கே 2 × ஜே × எஸ் என்று போட வேண்டும். போட்டால் ஓரக் கோட்டின் வடிவம் கணிசமாக மாறும், ஆனால் இடைவெளியைக் குறுக்கே கடக்கும் நிகர எண்ணிக்கை மாறாது. அந்த நிகர எண்ணிக்கைதான் செர்ன் எண், வடிவம் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எதிர்ஃபெரோ காந்தம் என்றால்

ஸ்பின்கள் மாறி மாறி மேலும் கீழுமாக நின்றால் போசான் எண்ணிக்கை பாதுகாக்கப்படாது, அணி இரு மடங்காகும், அதைச் சாதாரணமாக மூலைவிட்டமாக்கக் கூடாது. போசான்களின் பரிமாற்று விதி குலையாமல் இருக்க, முதல் பாதியில் +1-ம் இரண்டாம் பாதியில் −1-ம் கொண்ட எட்டா என்ற மூலைவிட்ட அணியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கோல்பா 1978-இல் தந்த வழி நன்றாக வேலை செய்கிறது: ஹாமில்டோனியனைச் சோலெஸ்கி முறையில் ஒரு முக்கோண அணியும் அதன் இணையுமாக உடைத்து, நடுவில் எட்டாவை வைத்துப் பெருக்கி, வரும் ஹெர்மிஷியன் அணியை மூலைவிட்டமாக்குவது. பூஜ்ய ஆற்றல் புள்ளி ஒன்று இருந்தாலும் சோலெஸ்கி படுத்துவிடும், மிகச் சிறிய திசைப் பிடிப்பைச் சேர்த்தால் எழுந்துவிடும். செர்ன் எண்ணுக்கு மேலே சொன்ன அதே சதுரச் சுற்றுதான், ஆனால் ஒவ்வொரு உள் பெருக்கத்துக்கும் நடுவே எட்டா வர வேண்டும். இதை விட்டுவிட்டால் விடை முழு எண்ணாகத்தான் வரும், ஆனால் அது மேக்னானின் செர்ன் எண்ணாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தேன்கூட்டு ஃபெரோ காந்தத்தின் முடிவை எதிர்ஃபெரோவுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அங்கே அதே டி.எம். இடைவினை பட்டைகளுக்கு நடுவே இடைவெளியைத் திறப்பதில்லை, எதிர் ஸ்பின் சுமக்கும் இரண்டு பட்டைகளை ஒன்றுக்கொன்று நகர்த்திவிடுகிறது, வெப்ப ஹால் விளைவு (வெப்பம் குறுக்கே போவது, கீழே வரும்) பூஜ்யம், அதற்குப் பதிலாக ஸ்பின் ஓட்டம் குறுக்கே போகிறது.

கையால் எழுதிப் பழகியபின் பெரிய அலகுக் கட்டங்களுக்கு ஸ்பின்டபிள்யூ, சன்னி போன்ற மென்பொருள்களுக்குப் போங்கள். முதலிலேயே போனால் பிழை எங்கே என்று தெரியாது.

அளவீட்டோடு ஒப்பிடுவது

மேக்னான்கள் போசான்கள், பட்டையைக் கீழிருந்து நிரப்ப முடியாது. ஆகவே எலக்ட்ரானில் வருவது போல படிக்கட்டாக ஏறும் ஹால் கடத்துதிறன் இங்கே கிடையாது. கிடைப்பது வெப்ப ஹால் விளைவு: படிகத்தின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் கொஞ்சம் குறுக்கேயும் போகும். மேக்னானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தப் புலம் அதை நேராக வளைக்க முடியாது, வளைப்பது பெர்ரி வளைவு. 2010-இல் கட்சுரா, நாகவோசா, லீ மூவரும் கணித்தார்கள். அதே ஆண்டு ஓனோசே குழுவினர் லுட்டேசியம் வனேடியம் ஆக்சைடில் அளந்து காட்டினார்கள், 70 கெல்வினுக்குக் கீழே ஃபெரோ காந்தமாகும் மின்கடத்தாப் பொருள் அது. 2011-இல் மட்சுமோட்டோவும் முரகாமியும் கணக்கை முழுமையாக்கினார்கள்.

கணக்கிட, ஒவ்வொரு உந்தத்திலும் பெர்ரி வளைவை ஒரு எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்த ஆற்றலில் சராசரி மேக்னான் எண்ணிக்கை ந என்றால் எடை இது:

(1 + ந) × [மடக்கை((1 + ந) ÷ ந)]² − [மடக்கை(ந)]² − 2 × ஸ்பென்ஸ்(1 + ந)

மடக்கை என்றது இயல் மடக்கை, ஸ்பென்ஸ் என்றது சைப்பை நூலகத்தில் அதே பெயரில் இருக்கும் சார்பு. ந பூஜ்யத்தை நெருங்கும்போது எடை 0, ந மிகப் பெரிதானால் பையின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, இந்த இரண்டையும் முதலில் சரிபார்த்துவிடுங்கள். கீழ்ப்பட்டையின் அடிப்பகுதிதான் அதிகம் நிரம்பியிருக்கும், பெர்ரி வளைவோ டிராக் புள்ளியின் ஆற்றலில் குவிந்திருக்கிறது. ஆகவே செர்ன் எண் 1 என்பதற்காகக் குறைந்த வெப்பநிலையில் பெரிய விளைவை எதிர்பார்க்காதீர்கள், செர்ன் எண் 0 என்பதற்காக விளைவு பூஜ்யம் என்றும் நினைக்காதீர்கள்.

நியூட்ரான் பக்கம் வருவோம். 2018-இல் குரோமியம் ட்ரை அயோடைடில் டிராக் புள்ளியில் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருப்பதாக வெளிவந்தது. காரணம் டி.எம். இடைவினையா, பிணைப்பின் திசையைப் பொறுத்து மாறும் கிட்டேவ் இடைவினையா, எலக்ட்ரான்களின் கூட்டுவிளைவா என்று வாதம் எழுந்தது. 2021-இல் தளத்துக்குள் காந்தப் புலம் கொடுத்துச் செய்த நியூட்ரான் அளவீடு டி.எம். பக்கம் சாய்ந்தது. ஸ்பின்னின் திசையைத் திருப்பிவிட்டு இடைவெளி என்ன ஆகிறது என்று பார்ப்பது நான் மேலே சொன்ன இணைப் பாகத்தை நேராகச் சோதிக்கும் வழி, எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான்.

இதற்கு நேர் எதிரான பாடம் குரோமியம் ட்ரை குளோரைடில் கிடைத்தது. அங்கே டிராக் புள்ளியில் உண்மையில் இடைவெளி இல்லை. ஆனால் தரவை உந்தத்தில் கொஞ்சம் அகலமாகக் கூட்டிப் பார்த்தால், அல்லது படிகத் துண்டுகள் ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்ந்து ஒட்டியிருந்தால், இல்லாத இடைவெளி ஒன்று கண்ணுக்குத் தெரியும் என்று 2022-இல் விரிவாகக் காட்டினார்கள். காரணம் எளிது: டிராக் புள்ளியைச் சுற்றிப் பட்டைகள் கூம்பாக விரிகின்றன, புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் மேல் கூம்பும் கீழ்க் கூம்பும் தனித்தனிக் குன்றுகளாகிவிடும், நடுவில் பள்ளம் விழும். உங்கள் மாதிரியிலேயே இதைச் செய்யலாம்: டி = 0 வைத்து, டிராக் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தில் உள்ள ஆற்றல்களை எல்லாம் ஒரே வரைபடமாகக் கூட்டுங்கள், வட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பொய் இடைவெளி வளர்வதைப் பார்ப்பீர்கள். அளவிட்ட இடைவெளியோடு ஒப்பிடும் முன், மாதிரியையும் அளவீட்டின் அதே அகலத்தில் கூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

பட்டைகள் தொட்டுக்கொள்ளும் பொருள்களிலும் வெக்டரின் கதையை நியூட்ரான் படிக்கும். டிராக் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமடித்தால் ஒரு பக்கம் மேல்பட்டை பிரகாசமாகவும் எதிர்ப் பக்கம் மங்கலாகவும் இருக்கும், கீழ்ப்பட்டைக்கு நேர் மாறாக. கோபால்ட் டைட்டனேட்டில் இந்தச் சுழற்சியைப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்து மேக்னானை நியூட்ரானில் தேடுவது மட்டும் கடினம், நியூட்ரான் படிகத்தின் உள்ளே முழுக்கப் பார்க்கிறது, ஓரத்தில் உள்ள அணுக்களின் பங்கு மிகச் சிறியது.

கடைசியாக ஒரு சோதனை, இதைச் செய்யாமல் எந்தப் பொருளுக்கும் முடிவு எழுதாதீர்கள். நாம் இரண்டு போசான் உறுப்புகளோடு நிறுத்திவிட்டோம். டி.எம். வெக்டருக்கு ஸ்பின் திசைக்குச் செங்குத்தான பாகமும் இருந்தால் மூன்று போசான் உறுப்புகள் வரும், அப்போது மேல்பட்டை மேக்னான் ஒன்று இரண்டு கீழ்ப்பட்டை மேக்னான்களாக உடையலாம். 2016-இல் செர்னிஷெவும் மக்சிமோவும் ககோமே பின்னலில் (அடுத்த பத்தியில் வரும் முக்கோணப் பின்னல்) இந்தச் சிதைவு பட்டைகளை எவ்வளவு மங்கலாக்கும் என்று காட்டினார்கள். ஓர் உந்தத்தை இரண்டாகப் பிரிக்கும் எல்லா வழிகளிலும் கீழ்ப்பட்டை ஆற்றல்கள் இரண்டைக் கூட்டி அந்தப் பரப்பை வரைந்து, அதன்மேல் உங்கள் மேல்பட்டையையும் இடைவெளியையும் வையுங்கள். பரப்புக்குள் விழுந்தால் மங்கும் அகலம் இடைவெளியைவிடப் பெரிதா என்று கேட்க வேண்டும். பெரிது என்றால் செர்ன் எண் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

தேன்கூடு கை வந்தபின் அடுத்து ககோமே எடுங்கள், முக்கோணங்கள் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும் பின்னல், மூன்று அணு, மூன்றுக்கு மூன்று அணி. அங்கே அடுத்தடுத்த பிணைப்பிலேயே டி.எம். இடைவினை அனுமதிக்கப்படும். டி = 0 என்றால் மேல்பட்டை 6 × ஜே × எஸ்-இல் தட்டையாக நிற்கும், சிறிய டி கொடுத்ததும் மூன்றும் பிரியும், கீழ்ப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் எதிர் எதிர்க் குறியில் 1, நடுப்பட்டைக்கு 0. அது வந்துவிட்டால் ஸ்ட்ரான்ஷியம் காப்பர் போரேட்டுக்குப் போகலாம். அங்கே ஸ்பின்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து அணைந்துவிடுகின்றன, ஓடுவது மேக்னான் அல்ல, அப்படி அணைந்த ஜோடி ஒன்று கிளர்ந்தெழும் டிரிப்ளான், ஹோல்ஸ்டைன்–பிரிமகாஃப் உதவாது, ஜோடிக்கான பிணைப்புப் போசான்கள் வேண்டும். ரோமான்யி, பென்க், கணேஷ் மூவரும் 2015-இல் கணித்தது சிறிய காந்தப் புலத்தில் 2, −2 என்ற செர்ன் எண்கள். நீங்கள் எழுதிய அதே சதுரச் சுற்று நிரலில் அணியை மட்டும் மாற்றிப் போட்டால் அதே விடை வர வேண்டும்.